ஒரு கட்டை, இரண்டு மஞ்சள் எறும்புகள்: மக்கிய மரத்தில் எறும்பினம் காணல் பற்றிய நிகழ்வு ஆய்வு

## பின்னணி

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலையின் கீழ்ச்சரிவில் உள்ள ஒரு காபித் தோட்டத்தில் நடந்தது இது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம். அராபிகா காபி, ஊடே மிளகு, நிழலுக்குப் பலாவும் அத்தியும் சந்தன வேம்பும். தோட்டத்தின் மேல் ஓரத்தில் தலைமுறையாகக் கோடரி படாத காட்டுத் துண்டு ஒன்று இருக்கிறது. அதற்கு அப்பால் எல்லைக்கல். கல்லைத் தாண்டினால் காப்புக்காடு.

2022 ஆகஸ்டில் இதே மாவட்டத்தில், நத்தம் பக்கம் கரந்தமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மஞ்சள் பைத்திய எறும்பு பெருகிவிட்டதாகச் செய்திகள் வந்தன. ஆடுமாடுகளின் கண்களில் ஏறி அமிலம் பீய்ச்சுகிறது, மேய்ச்சலுக்குப் போக முடியவில்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னது நாளிதழ்களிலும் தொலைக்காட்சியிலும் பல நாள் ஓடியது. ஆய்வாளர்கள் அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ் என்று அழைக்கும் எறும்பு அது. உலக அளவில் மிக மோசமான நூறு அயல் ஊடுருவிகள் என்று தொகுக்கப்பட்ட பட்டியலில் அதற்கும் இடம் உண்டு. கிறிஸ்துமஸ் தீவில் செந்நண்டுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது இதே எறும்புதான்.

அந்தச் செய்திகளின் சூடு ஆறுவதற்குள், காட்டுத் துண்டில் விழுந்து கிடந்த ஒரு பெரிய அத்திக் கட்டையின் மேல் வெளிர்மஞ்சள் நிறத்தில், கால் நீண்ட எறும்புகள் ஓடுவதைத் தோட்டத்து உரிமையாளர் பார்த்தார். கட்டையைக் குச்சியால் குத்தியதும் உள்ளிருந்தும் மஞ்சள் எறும்புகள் கொட்டின. காட்டுத் துண்டிலும் தோட்டத்திலும் கிடக்கும் மக்கிய கட்டைகளை எல்லாம் ஒன்றாகக் குவித்துக் கொளுத்திவிடுவது, கொளுத்த முடியாதவற்றின் மேல் பூச்சிமருந்துத் தூள் தூவுவது என்பது அவருடைய முதல் முடிவு. அறுவடைக்கு ஆள் வரும் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூலியாட்களின் பிள்ளைகள் அந்தப் பக்கம் விளையாடுவார்கள். அவர் பதறியதில் வியப்பில்லை.

கொளுத்துவதற்கு முன்பு, தமக்குப் பழக்கமான ஒரு கல்லூரி விலங்கியல் ஆசிரியரைக் கேட்டார். ஆசிரியர் இரண்டு முதுகலை மாணவர்களை அனுப்பினார். மாதிரிகளைப் பார்த்துப் பெயர் சொல்லும் வேலைக்காக நான் சேர்ந்தது அதற்குப் பிறகு.

## முதல் மாதிரி: ஒன்றுக்கொன்று முரணான இரண்டு பெயர்கள்

மாணவர்கள் முதல் முறை போனபோது இரண்டு வேலைகள் செய்தார்கள். கட்டையின் மேல் ஓடிய எறும்பைக் கைப்பேசியில் கிட்டத்தில் படம் பிடித்தார்கள். பிறகு பட்டையைப் பெயர்த்து, கையில் அகப்பட்டவற்றை எல்லாம் ஒரே ஆல்கஹால் குப்பியில் போட்டார்கள். குப்பிக்கு வெளியே பால்பாயிண்ட் பேனாவால் தேதியும் தோட்டத்தின் பெயரும் எழுதினார்கள். ஆல்கஹால் கசிந்து அந்த எழுத்து ஊர் வந்து சேர்வதற்குள் பாதி கரைந்துவிட்டது.

படத்தைக் கைப்பேசிச் செயலி ஒன்றில் ஏற்றியதும், பைத்திய எறும்பு என்று வந்தது. குப்பியைக் கல்லூரி ஆய்வகத்தில் திறந்து பார்த்த மாணவியோ, கேம்போனோட்டஸ் என்றார். தச்செறும்பு என்று பொதுவாகச் சொல்லப்படும் பெரிய பேரினம் அது. நம்மூர்க் கட்டெறும்பு என்று சொல்லப்படுபவற்றில் சிலவும் அதில் அடங்கும். ஒரே நாளில், ஒரே கட்டையிலிருந்து, ஒரே நிறத்தில் வந்த எறும்புக்கு இரண்டு பெயர்கள். செயலி தவறு என்றார் மாணவி. குப்பியில் உள்ளதைப் பார்க்கத் தெரியவில்லை என்றார் இன்னொரு மாணவர். உரிமையாளருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு பதில்: கொளுத்தலாமா, கூடாதா?

அந்தக் குப்பியோடு ஒரு பட்டியலும் வந்தது. அதில் எட்டுப் பெயர்கள் இருந்தன. இரண்டு வரிகள் என்னை நிறுத்தின. ஒன்று, பொறித்தாடை எறும்புப் பேரினமான ஒடோன்டோமாக்கஸ்: 'ஒடோன்டோமாக்கஸ் – பெரியது' என்றும் 'ஒடோன்டோமாக்கஸ் – குட்டி' என்றும் எழுதியிருந்தது. மற்றொன்று, ஒரே பேரினமாக இருக்கக்கூடிய இரண்டு சிறிய எறும்புகள், தலை பெருத்தது ஒன்று, தலை சிறுத்தது ஒன்று என இரண்டு தனி இனங்களாகப் பதிவாகியிருந்தன.

எறும்பில் குட்டி கிடையாது. புழுவாக இருக்கும்போதுதான் வளர்ச்சி. கூட்டுப்புழுக் கூட்டைவிட்டு ஆறு காலோடு வெளியே வந்த பிறகு ஓர் எறும்பு ஒரு நூலளவும் வளராது. ஆகவே ஒரு கட்டையில் சிறிதும் பெரிதுமாக எறும்புகள் இருந்தால் இரண்டே வாய்ப்புகள்: ஒரே இனத்துக்குள் அளவு வேறுபட்ட வேலைக்காரிகள், அல்லது இரண்டு வேறு இனங்கள். எது என்று சொல்ல வேண்டுமானால் அவை ஒரே கூட்டில் இருந்தனவா என்பது தெரிந்தாக வேண்டும். கலந்துபோட்ட குப்பி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

## கேள்வி மாறிய இடம்

'இது என்ன எறும்பு' என்ற கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டு குப்பியையும் படத்தையும் மாறி மாறிப் பார்ப்பதில் பயனில்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன். பஸ் நிலையத்தில் நிற்பவர் எல்லோரும் அந்த ஊர்க்காரர் ஆகிவிட மாட்டார். கட்டையின் மேல் ஓடுவது எது, கட்டைக்குள் ராணியும் புழுக்களுமாகக் குடித்தனம் நடத்துவது எது என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டால், செயலியும் மாணவியும் சொன்ன இரண்டுமே சரியாக இருக்க வாய்ப்புண்டு.

இந்தத் திசையில் எங்களைத் தள்ளியது நுண்ணோக்கி அல்ல. தோட்டத்தில் நெடுங்காலம் வேலைசெய்யும் ஓர் அம்மா, மாணவியிடம் போகிறபோக்கில் சொன்ன வார்த்தை. "பகலில் ஓடுகிறது வேறு, தாயி. கட்டைக்குள் இருக்கிறது விளக்கு வைத்த பிறகுதான் வெளியே வரும். அதற்குத் தலை பெரிது" என்றிருக்கிறார். களக்குறிப்பில் அதை மாணவி எழுதி வைத்திருந்தார், பட்டியலில் சேர்க்கவில்லை. என் கருத்தில், முதல் நாள் கிடைத்தவற்றுள் மிகப் பெரிய தகவல் அதுதான்.

அதன்பேரில் மூன்று முடிவுகள் எடுக்கப்பட்டன.

கொளுத்துவதைத் தள்ளிப்போடும்படி உரிமையாளரைக் கேட்டுக்கொண்டோம். காரணத்தையும் அவரிடம் வெளிப்படையாகச் சொன்னோம்: கட்டைக்குள் இருப்பது பைத்திய எறும்பாக இல்லாவிட்டால், கொளுத்துவதால் அந்த எறும்பு குறையப் போவதில்லை, மாறாக, அதனோடு இடத்துக்குப் போட்டியிடும் உள்ளூர் எறும்புகள்தான் அழியும். அவர் அரை மனதாக ஒப்புக்கொண்டார். தூளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கட்டையை முழுவதும் பிளக்காமல், மூன்றில் ஒரு பங்கை மட்டும் திறப்பது என்று தீர்மானித்தோம். மக்கிய மரம் ஒருமுறை உடைந்தால் மறுபடி கட்டையாகாது. உள்ளே தேங்கிய ஈரம் போய்விடும்.

எல்லைக்கல்லுக்கு அப்பால் இதைவிட நன்றாக மக்கிய கட்டைகள் கிடந்தன. அவற்றைத் தொடவில்லை. காப்புக்காட்டில் விழுந்து கிடக்கும் மரமும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி வனப்பொருள்தான். அனுமதி இல்லாமல் அதைப் புரட்டுவதும் உடைப்பதும் ஆய்வு என்ற பெயரில் நியாயமாகிவிடாது. பட்டா நிலத்துக் கட்டை நம் கேள்விக்குப் போதுமானதாக இருந்தது.

## கட்டையைத் திறந்தது

வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், முதலில் இரவில் போனார்கள். சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சோடு உட்கார்ந்து, எந்தத் துளையிலிருந்து எது வெளியே வருகிறது என்று மட்டும் பார்த்தார்கள். காய்ந்த மேல்நுனியில் இருந்த ஒரு பிளவிலிருந்து வெளிர்மஞ்சள் எறும்புகள் வரிசையில்லாமல் ஒவ்வொன்றாக வந்தன. பிளவின் வாயில் தலை பெருத்த ஒன்று காவலுக்கு நிற்பதுபோல் நின்றது. பகலில் கண்ட ஓட்டமும் பதற்றமும் அவற்றிடம் இல்லை. அம்மா சொன்னது அச்சாக இருந்தது.

மறுநாள் பகலில் கட்டைக்கு அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக் விரிப்பைச் செருகி, உளியும் சுத்தியும் கொண்டு நுனியிலிருந்து அடிநோக்கித் திறந்தார்கள். கட்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மக்கியிருக்கவில்லை. மேல்நுனியில் பட்டை இன்னும் பிடித்திருந்தது. மரம் காய்ந்து, கத்தி இறங்கக் கொஞ்சம் பலம் வேண்டியிருந்தது. நடுவில் மரம் வெளுத்து, நனைந்த நார்போல் பிரிந்தது. மரத்தை இறுக்கிப் பிடிக்கும் லிக்னினையும் சேர்த்துத் தின்னும் பூஞ்சை வேலைசெய்த இடம் அப்படித்தான் இருக்கும். அடியில், மண்ணைத் தொட்ட பக்கம், எது மரம் எது மண் என்று சொல்ல முடியாத ஈரத் துகள்.

எறும்புகள் இந்த மூன்று பகுதிகளையும் பங்கு போட்டிருந்தன. மாணவர்கள் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு குப்பி வைத்தார்கள். குப்பிக்குள்ளேயே பென்சிலால் எழுதிய சீட்டு: கட்டையின் எந்தப் பகுதி, கூடா இரைதேடியா, புழுவும் கூட்டுப்புழுவும் இருந்தனவா, ராணி தென்பட்டதா. ராணியை எடுக்கவில்லை. அளவில் வேறுபட்ட சில வேலைக்காரிகளை மட்டும் எடுத்தார்கள்.

மேல்நுனியில் அந்த இரவு எறும்பு. அறைகள் மரத்தை அரித்துச் செய்யப்பட்டவை. வாயிலுக்குக் கீழே மரத்தூள் குவிந்திருந்தது. தச்செறும்பு மரத்தைத் தின்பதில்லை, குடைந்து வெளியே தள்ளுகிறது. தின்பது கரையான். இரண்டையும் குழப்பிக்கொண்டு 'எறும்பு மரத்தைத் தின்கிறது' என்று சொல்வது தோட்டங்களில் வழக்கம். உரிமையாளரும் அப்படித்தான் நம்பியிருந்தார். தூளைக் கையில் எடுத்துக் காட்டிய பிறகு அந்தச் சந்தேகம் தீர்ந்தது. அறைகளில் அரிசிபோல் கிடந்தவற்றை அவர் முட்டை என்றார். அவை பட்டுநூல் கூட்டுக்குள் இருந்த கூட்டுப்புழுக்கள். முட்டை அவற்றைவிட மிகச் சிறியது.

நடுப்பகுதியில் உளியைத் திருப்பியபோது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. எறும்பு ஒன்று விரிப்பின் ஓரம்வரை தெறித்து விழுந்தது. பொறித்தாடை எறும்பு. நீண்ட நேரான இரண்டு தாடைகளையும் ஒரே கோடாக விரித்து வைத்துக்கொண்டு, முன்னால் உள்ள மயிரில் எதாவது பட்டதும் மூடும். மூடும் வேகத்தில் தானே எகிறித் தப்பவும் செய்யும். அமெரிக்க வெப்பமண்டலத்தில் வாழும் இதன் உறவினமான ஒடோன்டோமாக்கஸ் பாவ்ரியில் 2006இல் அளந்தபோது, தாடையின் வேகம் வினாடிக்கு 35 முதல் 64 மீட்டர்வரை இருந்தது. மாணவர் ஒருவர் கொட்டும் வாங்கினார். இதற்குக் கொடுக்கு உண்டு.

நார்போல் பிரிந்த மரத்தின் உள்மையத்தில், பெரியதில் ஏறக்குறையப் பாதி நீளத்தில், அதே போன்ற தாடையோடு இன்னொரு கூடு. முதல் பட்டியலில் 'குட்டி' என்று எழுதப்பட்டது இதுதான். இப்போது அதன் புழுக்களும் தனி அறையும் கண்முன் இருந்தன; இரண்டு கூடுகளுக்கும் இடையே வழி எதுவும் இல்லை.

அடித் துகளைச் சல்லடையில் சலித்து வெள்ளைத் தட்டில் பரப்பி வைத்துக் காத்திருந்தபோது, மண்துகள் என்று நினைத்தவற்றுள் சில நடக்கத் தொடங்கின. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம். சலிக்காமல் இருந்திருந்தால் இவற்றைப் பார்த்திருக்கவே முடியாது.

கட்டையின் மேல் பகலில் ஓடிய மஞ்சள் எறும்பைத் தனியாகப் பின்தொடர்ந்தார்கள். கட்டை அதற்கு ஒரு பாலம் மட்டுமே. அதன் வரிசை கட்டையைக் கடந்து, தோட்டத்துப் பாதை ஓரத்தில் கல்சுவரின் அடியில் குவிந்திருந்த சருகுக்குள் போனது. சருகை விலக்கியதும் எறும்புகள் திக்குத் திசையில்லாமல் ஓடின; நடுவே ஒன்றுக்கு மேற்பட்ட ராணிகள். மறுமுனையில் அதே வரிசை காபிச் செடிகளில் ஏறி, பச்சைச் செதில் பூச்சிகள் சுரக்கும் இனிப்பை நக்கிக்கொண்டிருந்தது.

## நுண்ணோக்கியின் கீழ்

இரண்டு மஞ்சள் எறும்புகளையும் பிரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. எறும்பு பார்க்கப் பழகுகிறவர்கள் முதலில் பார்ப்பது இடுப்பு: ஒரு கணுவா, இரண்டு கணுவா? அடுத்தது வயிற்று நுனி: கொடுக்கா, அமிலம் பீய்ச்சும் சிறு வட்டத் துளையா? இங்கே இரண்டு எறும்புகளுக்கும் ஒற்றைக் கணு, இரண்டுக்கும் வட்டத் துளை. இரண்டும் ஒரே துணைக்குடும்பம், ஃபார்மிசினே. நிறமும் ஒன்று. வழக்கமான முதல் இரண்டு படிகள் கைவிட்டன.

பிறகுதான் வேறுபாடுகள் வரிசையாகத் தெரிந்தன. பாதையோரத்து எறும்பின் உணர்கொம்பில் பதினோரு கணுக்கள். கட்டை எறும்பில் பன்னிரண்டு. முன்னதில் உணர்கொம்பின் அடித்தண்டு தலையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். அந்த ஒன்றைக் கைலென்ஸிலேயே பார்க்கலாம். பக்கவாட்டில் பார்த்தால் முன்னதன் மார்பு நடுவில் குழிந்து ஒடுங்குகிறது. பின்னதில் கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரே வளைவாக இறங்குகிறது. பின்னங்கால் பொருந்தும் இடத்துக்கு மேலே, பெரும்பாலான எறும்புகளுக்கு இருக்கும் சிறு சுரப்பித் துவாரம் முன்னதில் இருந்தது, பின்னதில் இல்லை. கேம்போனோட்டஸ்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அது இருப்பதில்லை. பின்னதன் உணர்கொம்புகள், வாய்க்கு மேலே உள்ள முகக்கவசத் தகட்டின் விளிம்பைவிட்டுத் தள்ளி முளைத்திருந்தன. இவற்றோடு, முன்னதில் எல்லா வேலைக்காரிகளும் ஒரே அளவு, நாலைந்து மில்லிமீட்டர். பின்னதில் ஒரே கூட்டிலிருந்து வந்தவை சிறிதும் பெரிதுமாக இருந்தன.

ஆக, பாதையோரத்தது அனோப்லோலெபிஸ் கிராசிலிபெஸ், பைத்திய எறும்பேதான். கட்டைக்குள் இருந்தது கேம்போனோட்டஸ். செயலிக்குக் கிடைத்த படம் முன்னதுடையது, மாணவியின் குப்பியில் மிகுந்திருந்தது பின்னது.

பொறித்தாடைகளை இங்கே சற்று விரிவாகச் சொல்வது தகும். கட்டைகளில் தேடுகிற எவருக்கும் இந்தக் குழப்பம் வரும். பெரியதின் பின்தலையில் இரண்டு கரிய கோடுகள் உள்ளே வளைந்து வந்து நடுவில் கூடி ஆங்கில எழுத்து 'வி'போல் சேர்ந்தன. இடுப்புக் கணு மேலே கூர்த்து முள்ளாக முடிந்தது. ஒடோன்டோமாக்கஸ். சிறியதின் பின்தலை விளிம்பு ஒரே வளைவாகத் தொடர்ந்தது. கரிய கோடுகள் இல்லை. அனோகீட்டஸ். தாடையையும் சத்தத்தையும் மட்டும் வைத்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்; எறும்பைத் திருப்பிப் பின்தலையைப் பார்த்தால் போதும். இவை இரண்டும் நெருங்கிய உறவினர்கள்.

சல்லடையில் அகப்பட்டவற்றுள் ஒன்றுக்கும் நீண்ட தாடை இருந்தது. ஆனால் அதற்கு இடுப்பில் இரண்டு கணுக்கள். கணுக்களின் ஓரத்தில் பஞ்சுபோன்ற திசு. தலை முக்கோணமாக, இதய வடிவில். ஸ்ட்ருமிஜெனிஸ். வில்வால் பூச்சிகள் என்னும் நுண்ணிய இரைகளைப் பிடிப்பதில் தேர்ந்தது. அது முற்றிலும் வேறு துணைக்குடும்பம், மிர்மிசினே. பொறித்தாடை அதில் தனியாகத் தோன்றியது. ஒரே கட்டையில் பொறித்தாடை எறும்புகள் மூன்று; அவற்றுள் இரண்டுதான் சொந்தம். இந்தக் கட்டையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான், உரிமையாளரின் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாவிட்டாலும்.

தலை பெருத்ததும் சிறுத்ததும் ஒரே கூட்டில் இருந்தன: ஃபெய்டோலே. பட்டியலில் இரண்டு வரி ஒரு வரியானது. பட்டைக்குக் கீழே ஓடிய, வயிற்றை முதுகுக்கு மேல் தூக்கும் க்ரிமாட்டோகாஸ்டர் எறும்புகளுக்குக் கட்டையில் கூடு இல்லை. இரைதேடி வந்தவை என்றே பதிவுசெய்தோம்.

## பெயரை எதுவரை சொல்வது

பெரிய பொறித்தாடைக்கு மாணவர்கள் 'ஒடோன்டோமாக்கஸ் ஹீமாடோடெஸ்' என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் அதைப் பொறுப்பில்லாமல் எழுதவில்லை. கல்லூரி நூலகத்தில் இருந்த, பிங்காம் 1903இல் எழுதிய பழைய எறும்பு நூலின் வழியே போனார்கள். உடற்கூறு விளக்கத்துக்கு அந்த நூல் இன்றும் உதவும். பெயருக்கு உதவாது. லின்னேயஸ் பெயரிட்ட அந்த இனம் தென்னமெரிக்காவுடையது என்று பின்னர் தெளிவானது. நம் பகுதியிலிருந்து அந்தப் பெயரில் வந்த பழைய பதிவுகள் பெரும்பாலும் ஒடோன்டோமாக்கஸ் சிமிலிமஸ் என்பதைச் சேர்ந்தவை. எறும்பு மாதிரிகளின் படங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஆன்ட்வெப் இணையதளத்தின் படங்களோடு ஒப்பிட்டு, அந்தப் பெயரையே எழுதினோம்.

கேம்போனோட்டஸை இனம்வரை கொண்டுபோகவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பேரினம் அது. இரவில் நடமாடும் வெளிர்மஞ்சள் வகைகளைப் பிரிக்க, மயிர்களின் எண்ணிக்கையும் தலையின் அளவும் பெரிய வேலைக்காரி, சிறிய வேலைக்காரி இரண்டிலும் பார்க்கப்பட வேண்டும். பெயர் சூட்டியபோது பயன்படுத்திய மூல மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். அவற்றில் பல வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் உள்ளன. மாதிரிகளை அங்கே அனுப்பலாமே என்று மாணவர் கேட்டார். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகச் சட்டம் இருக்கிறது. சென்னையில் உள்ள தேசிய உயிரியல் பன்முக ஆணையத்தின் நடைமுறையைத் தாண்டி உறையில் போட்டு அஞ்சலில் அனுப்பிவிட முடியாது. இந்தக் கேள்விக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. 'கேம்போனோட்டஸ், இனம் 1' என்று எழுதி, கூட்டு விவரத்தோடு கல்லூரிச் சேகரிப்பில் வைத்தோம். சலித்ததில் கிடைத்த, கண் புள்ளியளவே உள்ள ஹைப்போபோனெரா என்னும் சிற்றெறும்பும் அப்படியே.

இது மாணவர்களுக்குத் திருப்தி தரவில்லை. பட்டியலில் பாதி 'இனம் 1' என்றிருந்தால் திட்ட அறிக்கை மெலிந்து தெரியும் என்பது அவர்களுடைய கவலை. 2016இல் வெளியான இந்திய எறும்புப் பட்டியல் 828 இனங்களையும் துணையினங்களையும் சொல்கிறது; அவற்றில் ஒன்றைப் படத்தைப் பார்த்துப் பொருத்திவிடுவது எளிது. பொருத்திய பெயரை அடுத்தவர் தம் பட்டியலில் எடுத்து எழுதுவார், அதற்கடுத்தவர் அதைப் பரவல் வரைபடத்தில் புள்ளியாக வைப்பார். ஹீமாடோடெஸ் அப்படித்தான் ஒரு நூற்றாண்டு நம் பட்டியல்களில் இருந்தது. ஆசிரியர் என் பக்கம் நின்றார். அறிக்கை அப்படியே போனது.

## தொடர்ந்து நடந்தவை

உரிமையாளருக்கு எழுத்தில் கொடுத்த பதில் சுருக்கமானது. உங்கள் தோட்டத்தில் பைத்திய எறும்பு இருக்கிறது. அதன் கூடு அந்தக் கட்டையில் இல்லை. கட்டையைக் கொளுத்தினால் அது குறையாது.

பாதி நல்ல செய்தி, பாதி கெட்ட செய்தி. அவர் கெட்ட பாதியைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார், அதுவும் சரிதான். கல்சுவரின் ஓரச் சருகுகளை வாரி அப்புறப்படுத்தினார்கள். குடியிருப்புப் பக்கத்தில் போரிக் அமிலம் சிறிதளவு கலந்த சர்க்கரைக் கரைசலை மூடிய சிறு டப்பாக்களில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடங்களில் வைத்தார்கள். காட்டுத் துண்டுக்குள் டப்பா வைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டோம்; இனிப்புக்கு எல்லா எறும்பும் வரும். செதில் பூச்சி மிகுந்த கிளைகளை வெட்டி நீக்கினார்கள். அறுவடைக் காலத்தில் குடியிருப்புப் பக்கம் எறும்பு வரிசை மெலிந்தது. ஒழிந்துவிடவில்லை. பாதையோரத்தில் இன்னொரு இடத்தில் புதிய வரிசை தென்பட்டது. மழையும் அதே நாட்களில் பெய்ததால், குறைந்ததில் எவ்வளவு டப்பாவால், எவ்வளவு மழையால் என்று பிரித்துச் சொல்ல இயலாது.

கட்டையின் திறக்காத பகுதியில் கேம்போனோட்டஸ் கூடு மழைக்குப் பிறகும் இருந்தது. திறந்த பகுதியின் துண்டுகளை அதே பக்கம் மேலிருக்குமாறு திரும்ப அடுக்கி, பட்டையால் மூடியிருந்தும், இரண்டு பொறித்தாடைக் கூடுகளும் அங்கிருந்து போய்விட்டன. மரம் உலர்ந்துவிட்டது.

வாங்கி வைத்த தூள் மூட்டை பிரிக்கப்படாமல் கிடங்கில் இருக்கிறது என்று உரிமையாளர் சொன்னார்.

## இனி மாற்றிக்கொள்பவை

மூன்றில் ஒரு பங்கு திறந்ததே அதிகம். அடுத்த முறை இரவுக் கவனிப்பை முதலில் வைத்து, வாயில்கள் தெரிந்த இடங்களில் மட்டும் கையளவு திறந்து பார்ப்பது என்று ஆசிரியர் முடிவு செய்திருக்கிறார். அடித் துகளைச் சலிப்பதற்குக் கட்டையைப் பிளக்கத் தேவையில்லை. பக்கவாட்டில் இரண்டு கைப்பிடி எடுத்தால் போதும்.

படம் எடுத்த எறும்பையே பிடித்து, அதே எண்ணிட்ட குப்பியில் போட வேண்டும். இந்த நிகழ்வில் ஏற்பட்ட குழப்பத்தின் பெரும்பகுதி, படத்தில் இருப்பதும் குப்பியில் இருப்பதும் ஒன்று என்று எல்லோரும் எடுத்துக்கொண்டதால் வந்தது. படம் எடுப்பதானால் முகம், பக்கவாட்டு, மேற்புறம் ஆகிய மூன்று கோணங்கள் வேண்டும்; ஓடுகிற எறும்பின் முதுகுப் படம் ஒன்றை வைத்துக்கொண்டு எந்தச் செயலியையும் குறைசொல்ல முடியாது.

அங்கே வேலைசெய்பவர்கள் சொல்வதைக் களக்குறிப்பின் ஓரத்தில் எழுதாமல், யார் சொன்னது, எந்த நேரத்தில் பார்த்தது என்ற விவரத்தோடு தனிப் பத்தியாக எழுதும்படி படிவத்தை மாற்றியிருக்கிறார்கள். குப்பிச் சீட்டில் 'கூடு / இரைதேடி' என்ற கட்டம் இப்போது தேதிக்கும் இடத்துக்கும் முன்னால் வருகிறது. அதை நிரப்பாத குப்பியை ஆய்வகத்தில் வாங்குவதில்லை.